பல் கிளிப்பும் உராய்வும்: தேர்ந்தெடுக்கவும் பராமரிக்கவும் ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குப் பல் கிளிப் போடுவது என்று முடிவான பிறகு பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: எந்தக் கிளிப் நல்லது, எத்தனை மாதத்தில் முடியும். சேலத்தில் விசாரிக்கப் போனால் மெட்டல், செராமிக், செல்ஃப் லைகேட்டிங், பல்லின் உட்புறம் ஒட்டப்படும் லிங்குவல், கம்பியே இல்லாத அலைனர் என்று பல வகைகளைச் சொல்வார்கள். இவற்றில் சிலவற்றுக்கு ‘உராய்வு குறைவு, அதனால் சிகிச்சை விரைவில் முடியும்’ என்ற விளக்கமும் சேர்ந்து வரும். அந்த விளக்கத்தின் முன்பாதியில் உண்மை உண்டு. பின்பாதியை அப்படியே ஏற்க முடியாது. உராய்வு எங்கே பிறக்கிறது, எப்போது தடையாகிறது, எப்போது தேவைப்படுகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், எதற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது, மருத்துவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதைக் குடும்பத்தாரே நிதானமாக முடிவு செய்யலாம்.

உராய்வு பிறக்கும் இடம்

பல்லில் ஒட்டப்படும் சிறு துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர். அதன் நடுவே குறுக்காக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அந்தக் காடிக்குள்தான் கம்பி உட்காருகிறது. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களின் பிற்பகுதியில் வகுத்த முறையிலிருந்தே இந்த அமைப்பு வருகிறது. இன்று காடியின் உயரம் பெரும்பாலும் 0.022 அங்குலம் அல்லது 0.018 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.56 அல்லது 0.46 மில்லிமீட்டர். கம்பி காடியை விட்டு வெளியேறாமல் பிடித்துக்கொள்வது வண்ண ரப்பர் வளையமாக இருக்கலாம், மெல்லிய எஃகுக் கட்டுக்கம்பியாக இருக்கலாம், அல்லது பிராக்கெட்டிலேயே பொருத்தப்பட்ட சிறு கதவாக இருக்கலாம்.

பல்லை நகர்த்தும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. பல்லோடு பிராக்கெட் கம்பியின் மேல் வழுக்கிச் செல்லும். இல்லையென்றால் கம்பி பிராக்கெட்டுகளின் ஊடாக வழுக்கிச் செல்லும். இரண்டிலும் கம்பியும் காடியும் உரசுகின்றன. உராய்வு விசை என்பது, இரு பரப்புகளும் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பதையும் அப்பரப்புகளின் சொரசொரப்பையும் பொறுத்தது. பிராக்கெட் என்ன விலை என்பதைவிட, கம்பி என்ன உலோகம், அதை எது எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை.

ஆனால் உராய்வு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு, பள்ளிப் பாடத்தில் படித்த அந்த உராய்வு அன்று. ராபர்ட் கூசியும் ஜான் விட்லியும் 1990களின் பிற்பகுதியில், கம்பி வழுக்குவதற்கு எதிரான தடையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது சாதாரண உராய்வு. இரண்டாவது, பல் சாயும்போது கம்பி காடியின் எதிரெதிர் முனைகளில் முட்டி மாட்டிக்கொள்வதால் வரும் இறுக்கம். மூன்றாவது, அந்த முட்டல் முற்றிக் கம்பியில் பள்ளம் விழுந்து, பல் நகராமல் நின்றே போவது.

இந்த இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றாடச் சிகிச்சையில் தாமதத்துக்கு அதிகம் காரணமாவது அதுதான். கடை ஷட்டரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் அது சாய்ந்து, பக்கக் காடியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவதைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் காலை வேளையில் பார்க்கலாம். காடிக்கு எண்ணெய் போட்டிருந்தாலும் அப்போது பயன் இல்லை. பல்லுக்கும் இதே நிலைதான். விசை பல்லின் தலைப்பகுதியில் கொடுக்கப்படுகிறது, தாங்கிப் பிடிப்பதோ எலும்புக்குள் இருக்கும் வேர். ஆகவே பல் நேராக நகர்வதற்கு முன்பு சற்றுச் சாய்கிறது. பிராக்கெட்டின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 0.022 அங்குலக் காடிக்குள் 0.014 அங்குல மெல்லிய கம்பி இருக்கும்போது சுமார் 4 டிகிரி சாய்வு வரை முட்டாமல் இருக்கும், 0.018 கம்பிக்கு அது சுமார் 2 டிகிரியாகக் குறையும், 0.019 அங்குல உயரமுள்ள செவ்வகக் கம்பிக்கு ஒன்றரை டிகிரிதான் இடம். அதைத் தாண்டினால் கம்பி முட்டத் தொடங்குகிறது. பிறகு எலும்பு மெல்லக் கரைந்து வேர் நகர்ந்து பல் நிமிரும்போது இறுக்கம் தளர்கிறது, மறுபடி சாய்கிறது, மறுபடி நிமிர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் நகர்வு இப்படிச் சிறு சிறு சாய்வுகளும் நிமிர்வுகளுமாகவே நிகழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிராக்கெட்டைச் சாய்க்காமல் கம்பியின் மேல் இழுத்து அளந்த எண்களை வாய்க்குள் நடப்பதற்கு நேராகப் பொருத்த முடியாது என்பதற்கு இது ஒரு காரணம். மென்று சாப்பிடும்போது பற்களிலும் கம்பியிலும் ஏற்படும் சிறு அசைவுகள் அந்த இறுக்கத்தை அவ்வப்போது தளர்த்திவிடுகின்றன என்பது இன்னொரு காரணம்.

தடை இருக்கிறது என்பதற்காக விசையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய விசையில் கம்பி வளையும், பல் இன்னும் சாயும், இறுக்கம் மேலும் கூடும். வேரைச் சுற்றியுள்ள திசுவில் இரத்த ஓட்டம் நசுங்கி, வலிதான் மிஞ்சும், நகர்வு நின்றுவிடும். ‘இன்னும் நல்லா டைட் பண்ணுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்’ என்று வற்புறுத்துவது பிள்ளைக்கு நன்மை செய்யாது.

கம்பியையும் கட்டையும் பார்த்த பிறகே கிளிப் வகை

கம்பி உலோகங்களில் மிகக் குறைவாக உராய்வது துருப்பிடிக்காத எஃகு. கஞ்சமலைப் பக்கத்து உருக்காலையால் சேலத்தாருக்கு நன்கு பழகிய உலோகம் அது. பல் கம்பியும் பொதுவாக ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த அதே குடும்பத்து எஃகுதான். நைட்டி என்று மருத்துவர்கள் சொல்லும் நிக்கல் டைட்டேனியம் கம்பி எஃகைவிடக் கூடுதலாக உராயும். ஆனால் வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு என்பதால் கோணல் மாணலான பற்களைத் தொடக்கத்தில் வரிசைப்படுத்த அதைவிட ஏற்றது இல்லை. சார்லஸ் பர்ஸ்டோன் 1980 வாக்கில் அறிமுகப்படுத்திய பீட்டா டைட்டேனியம், அதாவது டிஎம்ஏ கம்பி, இவற்றுள் மிக அதிகமாக உராய்வது. பல் வழுக்கிச் செல்ல வேண்டிய கட்டத்தில் அதைத் தவிர்ப்பதே வழக்கம். கடைசிக் கட்டத்தில் நுண்ணிய வளைவுகள் கொடுக்க அது மிக நல்ல கம்பி.

அடுத்தது கட்டு. பிள்ளைகள் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ரப்பர் வளையம் கம்பியைக் காடியின் அடிப்பகுதியோடு அழுத்தி வைக்கிறது. அந்த அழுத்தமே உராய்வு. அதே வளையத்தை எட்டு வடிவில் முறுக்கிப் போட்டால் உராய்வு இன்னும் கூடும். எஃகுக் கட்டுக்கம்பியில் மருத்துவரின் கைக்கு அதிகாரம் உண்டு. முறுக்கும் கருவியால் கட்டுக்கம்பியை இறுக்கிவிட்டு, பிறகு அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் தளர்த்தி, முனையை வெட்டி உள்ளே மடிக்கும்போது கவனித்துப் பாருங்கள்: கட்டு கழலாது, ஆனால் கம்பி அதற்குள் சுதந்திரமாக ஓடும். இதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதைத் தவிரக் குறை எதுவும் இல்லை. மெட்டல் கிளிப் போட்டுக்கொண்டு, நகர்த்தும் பற்களுக்கு மட்டும் இப்படித் தளர்வான எஃகுக் கட்டு கேட்பது, என் கருத்தில், சேலத்துக் குடும்பங்கள் குறைந்த செலவில் உராய்வைக் குறைப்பதற்கு உள்ள மிகச் சிறந்த வழி.

இனி வகைகள். மெட்டல் கிளிப்பின் காடி வழவழப்பானது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றும் இல்லை. செராமிக் கிளிப் 1980களின் பிற்பகுதியில் பரவலாயிற்று. பல்லின் நிறத்தோடு ஒத்துப்போவது அதன் பலம். ஆனால் அதன் காடி உலோகத்தைவிடக் கடினமானது, நுண்ணோக்கியில் பார்த்தால் சொரசொரப்பானது, கம்பியைக் கீறக்கூடியது. ஆகவே செராமிக்தான் வேண்டும் என்று பிள்ளை விரும்பினால், காடிக்குள் உலோகப் பட்டை பதித்த வகை கிடைக்குமா என்று கேளுங்கள். அல்லது சிரிக்கும்போது தெரியும் முன்பற்களுக்கு மட்டும் செராமிக்கும் பின்பற்களுக்கு மெட்டலும் போடலாமா என்று கேளுங்கள். கீழ்வரிசையில் செராமிக் போட்டால் மேற்பற்கள் அதன்மேல் மோதித் தேயும் ஆபத்தும் உண்டு. கடி ஆழமாக உள்ள பிள்ளைகளுக்குக் கீழே மெட்டலே நல்லது.

செல்ஃப் லைகேட்டிங் என்பது கதவு உள்ள பிராக்கெட். புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1935லேயே ஜேக்கப் ஸ்டோல்சன்பெர்க் என்பவர் இந்த வகையில் ஒன்றைச் செய்து விவரித்திருக்கிறார். இதில் இரு பிரிவுகள் உண்டு. கதவு கம்பியை அழுத்தாமல் குழாய்போல மூடி மட்டும் வைப்பது ஒன்று. வில்போல அழுத்திப் பிடிப்பது மற்றொன்று. முதல் பிரிவில் மெல்லிய வட்டக் கம்பி போட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்தால் உராய்வு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தடித்த செவ்வகக் கம்பி போட்டு, பிராக்கெட்டைச் சாய்த்தும் அளந்தால் மற்றவற்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் அப்போது தடுப்பது கட்டு அன்று, காடியின் முனை. நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் மொத்தச் சிகிச்சைக் காலம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதாகக் காணவில்லை. நாற்காலியில் கம்பி மாற்றும் நேரம் மிச்சமாவதும், ரப்பர் வளையம் இல்லாததால் சுத்தம் செய்வது எளிதாவதும் உண்மையான பயன்கள். அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆறு மாதம் முன்னதாக முடியும் என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

லிங்குவல் முறையில் பல்லின் உள்வளைவு சிறியது என்பதால் பிராக்கெட்டுகள் நெருங்கி நிற்கும், இடைப்பட்ட கம்பி குட்டையாகி விறைப்பாகும், முட்டல் எளிதில் வரும். கைதேர்ந்த மருத்துவர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. அலைனரில் கம்பியும் காடியும் இல்லாததால் இங்கே பேசும் உராய்வுக்கே இடம் இல்லை. அதன் சிக்கல்கள் வேறு.

ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியவை

முதல் சில மாதங்கள் பற்களை வரிசைப்படுத்தும் காலம். 0.014 அல்லது 0.016 அங்குல நைட்டி கம்பி, வளைந்து நெளிந்து ஒவ்வொரு காடியிலும் நுழைந்திருக்கும். அது நிமிரும்போது மிகுதியாகும் நீளம் பின்பக்கம் வழுக்கிப் போக வேண்டும். போக முடியாவிட்டால் முன்பற்கள் வெளியே தள்ளப்படும் அல்லது வரிசைப்படுவது தாமதமாகும். உராய்வு குறைவாக இருப்பதால் கிடைக்கும் பயன் இந்தக் கட்டத்தில்தான் மிகுதி. மிகவும் கோணலான பல்லை முதல் நாளிலேயே கம்பியோடு முழுமையாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மருத்துவர் அதைத் தளர்வாகக் கட்டியிருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

பல் பிடுங்கிய இடைவெளியை மூடுவது அடுத்த கட்டம். கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு முன்பற்களைப் பின்னோக்கி இழுப்பது நம் ஊரில் அடிக்கடி செய்யப்படுவது. 0.022 காடியில் 0.019 க்கு 0.025 அங்குலச் செவ்வக எஃகுக் கம்பி இதற்கு வழக்கமான தேர்வு: வளையாத அளவுக்கு விறைப்பும், வழுக்கும் அளவுக்கு இடமும் அதில் உண்டு. அந்தக் கம்பியைப் போட்ட அன்றே இழுக்கத் தொடங்காமல், ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே விட்டால் காடிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். பிறகு இழுக்கும்போது முட்டல் குறையும். இந்த ஒரு மாதத்தை வீண் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. சிகிச்சையில் பின்னால் பல மடங்கு பலன் தரும் மாதம் அது.

இழுப்பதற்கு ரப்பர் செயின் போடலாம், நைட்டி சுருள்வில் போடலாம். செயின் மலிவு, ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே தன் விசையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும், மாதந்தோறும் மாற்ற வேண்டும். சுருள்வில்லின் விசை வாரக்கணக்கில் பெரிதாக மாறாது. ஏற்காட்டிலிருந்தோ அதற்கு அப்பால் நாகலூர்ப் பக்கமிருந்தோ இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து போகும் குடும்பங்களும், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பெற்றோரும் சுருள்வில்லைக் கேட்பதே அறிவுடைமை. மழைக்காலத்தில் ஒரு முறை வர இயலாமல் போனாலும் வேலை நிற்காது. உராய்வே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. கம்பியிலேயே வளையம் வளைத்து, அதை விரித்துக் கட்டிவிட்டால், அது சுருங்கும்போது பற்களைத் தன்னோடு சேர்த்துக் கொண்டுவரும். எதுவும் எதன்மேலும் வழுக்க வேண்டியதில்லை. ஆனால் வளைக்கும் கை துல்லியமாக இருக்க வேண்டும், கன்னத்தில் உரசும், சாப்பாடு சிக்கும். வழுக்கும் முறை சரிவராத இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. பல்லின் வேரைச் சரியான சாய்வுக்குத் திருப்பவும், திரும்பியிருந்த பல் மறுபடி திரும்பாமல் நிறுத்தவும், கம்பி காடியை நிறைத்து இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். முன்பு தவிர்த்த எட்டு வடிவக் கட்டும், டிஎம்ஏ கம்பியும் இப்போது உதவிக்கு வருகின்றன. ‘உராய்வே இல்லாத கிளிப்’ என்பது இந்தக் கட்டத்தில் ஒரு குறையே தவிர நிறையன்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

கம்பி வாய்க்குள் சில வாரங்கள் இருந்தாலே அதன்மேல் உணவுத் துகளும் காரையும் படிந்து சொரசொரப்புக் கூடுகிறது, உராய்வும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பல்லை மட்டும் துலக்கினால் போதாது. பல்லிடுக்குப் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒரு பிராக்கெட்டிலிருந்து அடுத்த பிராக்கெட் வரை கம்பியின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். இரவில் ஒரு முறை செய்தால் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். எஃகுக் கம்பியை மாற்றாமல் தொடரப் போகிறார்கள் என்றால், அடுத்த வருகையில் அதைக் கழற்றித் துடைத்துப் போடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பல் சொத்தைக்காக மருத்துவமனையில் தடவும் அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல், டைட்டேனியம் கலந்த கம்பிகளின் மேற்பரப்பை அரிக்கக்கூடியது. நைட்டி கம்பி வாயில் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தினமும் பயன்படுத்தும் பற்பசையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

உணவில் சேலத்துப் பிள்ளைகளுக்கு உள்ள பெரிய சோதனை தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தருவது. பீட்ரூட் துருவல் ரப்பர் வளையத்தைச் சிவப்பாக்குவதும் மஞ்சள் தூள் அதை மஞ்சளாக்குவதும் பார்வைக்குத்தான் குறை. தட்டுவடையின் மொறுமொறுப்பே உண்மையான கேடு. கடைவாயில் வைத்துக் கடிக்கும்போது இரு பிராக்கெட்டுகளுக்கு இடையே கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவு உள்வாங்கி வளையும். அந்த வளைவு காடியின் வாயிலில் வந்து முட்டி, அந்தப் பக்கத்து நகர்வையே நிறுத்திவிடும். பிராக்கெட் பெயர்ந்தால் உடனே தெரியும். கம்பி வளைந்தால் அடுத்த வருகை வரை யாருக்கும் தெரியாது என்பதால் இழப்பு அதிகம். தட்டுவடையை உடைத்துச் சட்னியோடு கலந்து நொறுக்கலாக்கித் தந்தாலும் ஊறி மெத்தென்று ஆன பிறகே சாப்பிடட்டும். மாங்காய்க் கீற்றையும் கரும்பையும் கிளிப் கழற்றும்வரை தள்ளிவைக்க வேண்டும். பழுத்த மல்கோவாவைத் துண்டு போட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இடைவெளி மூடும் மாதங்களில் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கம்பி முனை நீண்டு கன்னத்தைக் குத்தத் தொடங்கலாம். பிள்ளை அழுதுகொண்டு வந்து காட்டும். ஆனால் பெரும்பாலும் அது கம்பி தடையின்றி வழுக்குகிறது என்பதற்கான அடையாளம். மருத்துவர் கொடுத்த மெழுகை உருட்டி முனையில் ஒட்டிவிட்டு, முனையை வெட்ட நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கொறடாவால் வெட்ட முயல வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. அடுத்தடுத்த படங்களில் இடைவெளி குறைவது தெரிய வேண்டும்.

தொடர்ந்து இரண்டு வருகைகளிலும் பல் இடைவெளி குறையவே இல்லை என்றால், கிளிப் வகையை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன்பு மருத்துவரிடம் சில இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி எங்காவது வளைந்திருக்கிறதா. வரிசைப்படுத்தும் காலத்தில் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கம்பி முனையை மடித்து வைத்ததுபோல இப்போதும் மடிப்பு எதுவும் இருக்கிறதா. எதிர்வரிசைப் பல் ஏதாவது பிராக்கெட்டில் மோதுகிறதா. பல் பிடுங்கிய இடத்தில் ஈறு திரண்டு நிற்கிறதா. நகர்த்தும் பல்லின் கட்டு இறுகியிருக்கிறதா. கம்பியைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பிராக்கெட் நின்ற இடங்களில் விழுந்த சிறு பள்ளங்கள் தெரியும். அவை இருந்தால் புதுக் கம்பி போடுவதே வழி. இவை எல்லாம் சரியாக இருந்தும் பல் அசையவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து வேரையும் எலும்பையும் பார்ப்பது அடுத்த படி.